தபால் ஆபீஸா, ஜன்தன் கணக்கா: சென்னையில் எந்தக் கணக்கு எதற்கு?

வீட்டு வேலை, கட்டட வேலை, தள்ளுவண்டி வியாபாரம் என்று மாதம் பதினைந்தாயிரத்துக்குள் ஓடும் குடும்பம் எங்கே கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டால், "தபால் ஆபீஸ்தான் ஏழைகளின் வங்கி" என்று சட்டென்று பதில் வரும். அதில் பாதிதான் சரி. தபால் ஆபீஸ் கவுன்டரில் இன்று இரண்டு தனித்தனி அமைப்புகள் பணம் வாங்குகின்றன. ஒன்று 1882-ல் தொடங்கிய அஞ்சலகச் சேமிப்பு வங்கி. இன்னொன்று 2018 செப்டம்பரில் செயல்பாட்டுக்கு வந்த இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி, சுருக்கமாக ஐ.பி.பி.பி. கவுன்டர் ஒன்றாக இருக்கலாம், உட்கார்ந்திருப்பவரும் ஒருவராகவே இருக்கலாம். ஆனால் வட்டி, உச்சவரம்பு, கட்டணம், புகார் கொடுக்கும் இடம் எல்லாமே வேறு. இவற்றோடு ஒப்பிட வேண்டிய மூன்றாவது, பொதுத்துறை வங்கியில் தொடங்கும் ஜன்தன் கணக்கு, அதாவது குறைந்தபட்ச இருப்பு கேட்காத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சென்னையில் வாழும் குடும்பத்துக்குப் பணம் வந்து போகவும் கடனுக்கு வழி திறக்கவும் வங்கியின் ஜன்தன் கணக்கு வேண்டும். சேர்த்து வைக்கத் தபால் ஆபீஸ் வேண்டும். ஐ.பி.பி.பி. கணக்கு, வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்குத்தான் உண்மையில் பயன்படும். கிராமத்துக்கு இந்த வரிசை மாறும். அங்கே வங்கிக் கிளை பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். இங்கே கிளை பக்கத்திலேயே இருக்கிறது, போய்வர நேரம்தான் இல்லை.

4 சதவீதம் எப்போது 4 சதவீதம்?

அஞ்சலகச் சேமிப்புக் கணக்குக்கு ஆண்டு வட்டி 4 சதவீதம். பெரிய பொதுத்துறை வங்கிகள் 2.5 சதவீதம் அளவில் தருகின்றன, ஐ.பி.பி.பி. சுமார் 2 சதவீதம். இந்த எண்களை மட்டும் பார்த்துவிட்டுச் சம்பளத்தைத் தபால் ஆபீஸில் போடச் சொல்பவர்கள், வட்டி கணக்கிடும் முறையைக் கவனிப்பதில்லை. மாதத்தின் 10-ம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை கணக்கில் இருந்த ஆகக் குறைந்த தொகைக்கு மட்டுமே தபால் ஆபீஸ் வட்டி தரும். வங்கியோ ஒவ்வொரு நாளின் இருப்புக்கும் தரும்.

5-ம் தேதி 12,000 ரூபாய் வருகிறது. வாடகை, மளிகை, பள்ளி வேன் என்று கரைந்து 30-ம் தேதி 800 மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். தபால் ஆபீஸ் அந்த 800-க்குத்தான் வட்டி போடும். மாதத்துக்கு 2 ரூபாய் 67 காசு. அதே பணம் வங்கியில் இருந்து, மாதச் சராசரி இருப்பு 5,000 என்றால், 2.5 சதவீதத்திலேயே 10 ரூபாய்க்கு மேல் வரும். வந்து போகிற பணத்துக்கு 4 சதவீதம் என்பது பலகையில் இருக்கும் எண் மட்டுமே. ஆறு மாதம் தொடாமல் கிடக்கும் பணத்துக்கு அது நிஜம்.

இன்னொன்று, 500 ரூபாய் விதி. கணக்கு தொடங்கவும் 500 வேண்டும், இருப்பும் 500-க்குக் குறையக் கூடாது. நிதியாண்டின் கடைசி நாளான மார்ச் 31-ல் அதற்குக் கீழே இருந்தால் 50 ரூபாய் பிடித்துக்கொள்வார்கள். அப்படிப் பிடித்துப் பிடித்து இருப்பு பூஜ்யமானால் கணக்கு தானாகவே மூடப்பட்டுவிடும். தொடர்ந்து மூன்று நிதியாண்டு போடல் எடுத்தல் எதுவுமே இல்லையென்றால் கணக்கு முடங்கும். அதை எழுப்ப பாஸ்புக்கோடும் அடையாளச் சான்றோடும் நேரில் போய் விண்ணப்பிக்க வேண்டும். மறந்துபோன பழைய பாஸ்புக் வீட்டில் கிடந்தால் இந்த வாரமே எடுத்துப்போய் ஒரு 50 ரூபாயாவது போட்டு வரவு பதித்துக்கொள்ளுங்கள்.

ஜன்தன் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு கிடையாது. ரூபே அட்டை கிடைக்கும். 2018 ஆகஸ்ட் 28-க்குப் பிறகு தொடங்கிய கணக்கு என்றால் அந்த அட்டையோடு 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு. விபத்துக்கு முந்தைய 90 நாளில் ஒரு பரிவர்த்தனையாவது நடந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அட்டையை அரிசி டப்பாவில் பத்திரமாக வைத்துவிட்டால் காப்பீடும் போய்விடும். மாதத்துக்கு நான்கு முறை பணம் எடுப்பது இலவசம், ஏ.டி.எம். எடுப்பும் அந்த நான்கில் சேரும். இருநூறும் முந்நூறுமாக ஆறு தடவை எடுப்பதைவிட இரண்டு தடவையில் எடுப்பது நல்லது.

வங்கியில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஜன்தன் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்ட கணக்கு, சாதாரணச் சேமிப்புக் கணக்காக இருக்கும். பழைய கம்பெனிச் சம்பளக் கணக்கும் வேலை போன பிறகு அப்படி மாறிவிடும். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை முதல் மாதம் ஏறியபோது, அந்த 1,000 ரூபாயிலேயே குறைந்தபட்ச இருப்பு அபராதத்தைச் சில வங்கிகள் கழித்துக்கொண்டதும், மாநில அரசு கண்டித்ததும் நினைவிருக்கும். அதன் பின் பல பொதுத்துறை வங்கிகள் இந்த அபராதத்தை எடுத்துவிட்டாலும், எல்லா வங்கியும் எடுக்கவில்லை. பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் கணக்கு வகை என்ன என்று பாருங்கள். சாதாரண வகை என்றால், "அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரவும்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு இருந்தால் அதை மூட வேண்டியிருக்கும்.

அரசுப் பணம் எந்தக் கணக்குக்குப் போகும்?

புகார்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. ஆதார் எண்ணை வைத்து அரசு அனுப்பும் பணம், நீங்கள் படிவத்தில் எழுதிய கணக்கு எண்ணைப் பார்க்காது. உங்கள் ஆதாரைக் கடைசியாக எந்த வங்கியோடு இணைத்தீர்களோ அங்கே போகும். முன்னால் இணைத்திருந்த வங்கி தானாக விலகிவிடும்.

தெருவில் முகாம் போட்டு ஐ.பி.பி.பி. கணக்கு தொடங்கித் தருகிறார்கள். ஆதார் எண், போன் நம்பர், ஒரு கைரேகை; ஐந்தே நிமிடம். அந்த ரேகையிலேயே ஆதார் இணைப்புக்கும் ஒப்புதல் போயிருக்கலாம். அடுத்த மாதம் உதவித்தொகை பழைய வங்கியில் ஏறாது. வங்கியில் கேட்டால் "வரவில்லை" என்பார்கள், அதுவும் உண்மைதான். பணம் தொலையவில்லை, புதுக் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது.

எங்கே இணைந்திருக்கிறது என்று பார்க்க ஸ்மார்ட்போன் தேவையில்லை. சாதாரண போனிலேயே *99*99*1# அடித்து ஆதார் எண்ணைக் கொடுத்தால் வங்கியின் பெயர் வரும். ஆதார் இணையதளத்திலும் பார்க்கலாம். மாற்ற வேண்டுமானால், பணம் வர வேண்டிய வங்கிக் கிளையில் ஆதார் இணைப்புப் படிவம் கொடுக்க வேண்டும். பழைய வங்கியிடம் போய் நீக்கச் சொல்லி அலைய வேண்டாம். புது இணைப்பு பழையதைத் தானே மாற்றிவிடும். கணக்கில் ஆதார் எண் பதிந்திருப்பது வேறு, அரசுப் பணத்துக்காக இணைத்திருப்பது வேறு. "ஆதார் லிங்க் ஆகிடுச்சு" என்று கவுன்டரில் சொன்னால், எந்த இணைப்பு என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கணக்கு எண்ணிக்கை கூடக் கூட இந்தக் குழப்பமும் கூடும். ஒருவருக்கு ஒரு வரவுக் கணக்கு போதும்.

ரேகை விழாதபோது

தபால் ஆபீஸில் கணக்கே இல்லாதவர்களும் அங்கே பணம் எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஐ.பி.பி.பி. கையடக்கக் கருவியில் உங்கள் வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்து, ஆதார் எண் கொடுத்து, ரேகை வைத்தால், ஆதார் பதிந்த எந்த வங்கிக் கணக்கில் இருக்கும் பணமும் கையில் வரும். ஒரு முறைக்கு 10,000 ரூபாய் வரை. ஜன்தன் கணக்கை வைத்துக்கொண்டே தபால் ஆபீஸின் வசதியை எடுத்துக்கொள்ள இது ஒன்றே போதும்.

தடுமாறும் இடம் ரேகைதான். பாத்திரம் தேய்க்கும் கையிலும் சிமென்ட் கலக்கும் கையிலும் ரேகை மழுங்கிவிடும். கட்டைவிரலிலேயே பிடிவாதமாக நிற்காமல் மோதிரவிரல், நடுவிரல் என்று மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கையைக் கழுவி நன்றாகத் துடைத்து, தோல் வறண்டிருந்தால் துளி எண்ணெய் தடவித் துணியில் ஒற்றி எடுத்துவிட்டு வையுங்கள். கருவியின் கண்ணாடியையும் துடைக்கச் சொல்லலாம். அதற்கும் விழவில்லை என்றால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிப்பதுதான் நிலையான வழி. 2025-ல் ஐ.பி.பி.பி. முக அடையாள முறையையும் கொண்டுவந்தது. ரேகை தேய்ந்துபோன முதியவர்களுக்கு அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பணம் பறிபோகும் இடமும் இதுதான். "ஃபெயில் ஆகிடுச்சும்மா, மறுபடி வைங்க" என்று சொன்னால் உடனே விரலை வைக்காதீர்கள். முதல் முயற்சியிலேயே கணக்கில் பணம் குறைந்திருக்கலாம். முதலில் இருப்பு எவ்வளவு என்று காட்டச் சொல்லுங்கள், அச்சடித்த ரசீது கேளுங்கள், போனில் குறுஞ்செய்தி வந்ததா பாருங்கள். கணக்கில் பிடித்துக்கொண்டு கைக்கு வராத பணம் ஐந்து நாளுக்குள் திரும்பி ஏற வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019-ம் ஆண்டு உத்தரவு. ரசீது இல்லாமல் இதைக் கேட்பது கடினம். செல்போன் கடை, இ-சேவைக் கடை என்று எங்கே ரேகை வைத்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். தபால் ஆபீஸில் ஒரு கூடுதல் பாதுகாப்பு உண்டு: எதிரில் இருப்பவர் அரசு ஊழியர், நாளைக்கும் அங்கேயே இருப்பார்.

சேர்த்து வைக்க: தபால் ஆபீஸ் ஆர்.டி.

தபால் ஆபீஸின் உண்மையான பலம் ஆர்.டி. என்ற தொடர் வைப்புக் கணக்கில்தான் இருக்கிறது. மாதாமாதம் ஒரே தொகையைக் கட்டி, முடிவில் வட்டியோடு வாங்கிக்கொள்வது. மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம், ஐந்தாண்டுத் தவணை. வட்டியை மத்திய அரசு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிவிக்கும். 2023 அக்டோபரில் 6.7 சதவீதமாக்கப்பட்டது. அந்த வட்டியில் மாதம் 500 போட்டால், கட்டிய 30,000 ஐந்தாண்டு முடிவில் சுமார் 35,680 ஆகும். தொடங்கும் நாளின் வட்டியே கடைசி வரை நிற்கும். போட்ட பணம் முழுவதற்கும் மத்திய அரசே பொறுப்பு. வங்கியில் 5 லட்சம் வரைதான் காப்பீடு என்றாலும், நாம் பேசும் தொகைகளில் அந்த வித்தியாசம் ஒரு பொருட்டில்லை. தீபாவளிச் சீட்டோடு ஒப்பிடும்போதுதான் அது பெரிய விஷயம். சீட்டு பிடித்தவர் ஓடிவிட்டால் கேட்க ஆளில்லை.

மாதத்தின் 15-ம் தேதிக்குள் தொடங்கிய கணக்குக்கு ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும். 16-க்கு மேல் தொடங்கினால் மாதக் கடைசி வேலைநாள் வரை கட்டலாம். சம்பளம் 10-ம் தேதி வாக்கில் இழுத்துக்கொண்டு வரும் வீடாக இருந்தால் 16-க்குப் பிறகு போய்த் தொடங்குங்கள். ஐந்து வருடமும் மூச்சுவிட இடம் இருக்கும். தவறினால் 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய்தான் அபராதம், பயப்பட வேண்டாம். நான்கு தவணை தவறினால் கணக்கு நின்றுவிடும், அதன் பிறகு இரண்டு மாதத்துக்குள் உயிர்ப்பிக்க வேண்டும். கொத்தனார், சித்தாள் வீடுகளில் மழைக்காலத்தில் வேலை இருக்காது. வேலை நன்றாக ஓடும் மாதங்களில் ஆறு தவணையைச் சேர்த்து முன்கூட்டியே கட்டிவிட்டால், மாதத் தவணையின் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் மொத்தமாக 10 ரூபாய் தள்ளுபடியும் கிடைக்கும்.

வீட்டுக்கே வந்து வசூலிக்கும் மகளிர் ஏஜென்ட்டுகள் சென்னையில் நிறைய. அவர்களுக்குக் கமிஷனை அரசு தருகிறது, உங்களிடம் தனியாகக் கேட்கக் கூடாது. ஏஜென்ட் தன் அட்டையில் குறித்துக் கையெழுத்துப் போடுவது ஒன்று, தபால் ஆபீஸ் பாஸ்புக்கில் பதிவது இன்னொன்று. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது பாஸ்புக்கை வாங்கி இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாஸ்புக் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். கணக்கு தொடங்கும்போதே வாரிசு நியமனக் கட்டத்தை நிரப்புங்கள். அது காலியாக இருந்தால் பிள்ளைகள் தாசில்தார் ஆபீஸ் வரை அலைய நேரும்.

ஒரு குறையை மறைக்கக் கூடாது. மூன்று வருடத்துக்கு முன் இந்த ஆர்.டி.யை மூட முடியாது. அதற்குப் பிறகு மூடினால் சேமிப்புக் கணக்கின் 4 சதவீதம்தான். தீபாவளிக்கும் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கும் 12 மாதச் சேமிப்பு வேண்டும், தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் அது கிடையாது. அதற்குப் பொதுத்துறை வங்கியின் ஒரு வருட ஆர்.டி.யே சரி, அங்கேயும் 100 ரூபாயில் தொடங்கலாம். நீண்ட நாள் தேவைக்குத் தபால் ஆபீஸ், வருடாந்தரத் தேவைக்கு வங்கி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கடன்

பேமென்ட்ஸ் வங்கி எதுவும் கடன் தர முடியாது. ரிசர்வ் வங்கியின் உரிமமே அப்படி. ஒருவரின் ஐ.பி.பி.பி. கணக்கில் நாள் முடிவில் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்கவும் கூடாது. வாங்கும் பணத்தைப் பெரும்பாலும் அரசுப் பத்திரங்களில்தான் அது போட வேண்டும், அதனால்தான் வட்டியும் குறைவு. ஆனால் குறைந்த வருமான வீட்டின் பணக்கஷ்டம் சேமிப்பில் தொடங்குவதில்லை. நடு மாதத்தில் ஆஸ்பத்திரிக்கு ஐயாயிரம் வேண்டும் என்பதில் தொடங்குகிறது.

அப்போது கை நீளும் இடம் தண்டல். 10,000 என்று பேசி 9,000-ஐக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் நூறு நாள் வசூல். ஆயிரம்தானே என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால் ஆண்டுக் கணக்கில் வட்டி சுமார் 80 சதவீதம். 8,500 கொடுத்தால் நூறு சதவீதத்தைத் தாண்டும். கந்துவட்டிக்கு எதிரான தமிழ்நாட்டுச் சட்டம் 2003-லிருந்து இருக்கிறது. ஆனாலும் காலையில் பணம் கொடுத்து, சாயங்காலம் வாசலுக்கே வந்து வசூலிக்கும் வேறு ஆள் இல்லாதவரை தண்டல் இருக்கும்.

தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் பலர் கேட்காமல் விட்டுவிடும் வசதி ஒன்று இங்கே உதவும். ஒரு வருடம் ஆகி, 12 தவணையும் கட்டியிருந்தால், இருப்பில் பாதி வரை கடனாகத் தருவார்கள். வட்டி, ஆர்.டி. வட்டியைவிட 2 சதவீதம் கூட, 6.7 என்றால் 8.7 சதவீதம். மாதம் 500 கட்டியவருக்கு ஒரு வருடத்தில் சுமார் 3,000 கிடைக்கும். திருப்பிக் கட்ட முடியாவிட்டால் முதிர்வுத் தொகையில் கழித்துக்கொள்வார்கள், வாசலில் வந்து யாரும் கத்த மாட்டார்கள். கணக்கு வைத்திருக்கும் தபால் ஆபீஸில் பாஸ்புக்கோடு போய்க் கடன் படிவம் கேளுங்கள்.

அதற்கு மேல் வேண்டுமானால் வங்கிதான். ஜன்தன் கணக்கில் 10,000 ரூபாய் வரை மிகைப்பற்று, அதாவது இருப்புக்கு மேல் எடுத்துக்கொள்ளும் கடன் உண்டு, வீட்டுக்கு ஒருவருக்கு. ஆறு மாதமாவது கணக்கு ஒழுங்காக ஓடியிருக்க வேண்டும். 2,000 வரை வேறு நிபந்தனை இல்லை. கிளையில் அவர்களாக இதைச் சொல்ல மாட்டார்கள், எழுதிக் கேட்க வேண்டும். தெருவோர வியாபாரிகளுக்கு 2020-ல் தொடங்கிய பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் முதல் கடன் 10,000 ஆக இருந்து, 2025-ல் 15,000 ஆனது. ஒழுங்காகக் கட்டினால் அடுத்தது 25,000, பிறகு 50,000. 7 சதவீத வட்டி மானியம் கணக்கிலேயே ஏறும். மாநகராட்சியின் வியாபாரி அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக் கடன், நகைக்கடன் எல்லாமே வங்கி வழிதான். வரவு செலவு தெரியும் ஒரு வங்கிக் கணக்கு இருந்தால்தான் மேலாளர் முன் பேச ஏதாவது இருக்கும். வரவுக் கணக்கை வங்கியில் வைக்கச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

வாசலுக்கு வரும் வங்கி

தபால்காரரே வீட்டுக்கு வந்து பணம் தருவார் என்பது ஐ.பி.பி.பி.யின் பெருமை. 2021 ஆகஸ்ட் முதல் அதன் வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொரு வருகைக்கும் 20 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கட்டணம் வந்தது. படுக்கையில் இருக்கும் பாட்டிக்கு, எட்டாவது மாடியிலிருந்து இறங்க முடியாத முதியவருக்கு, ஆட்டோ செலவோடு ஒப்பிட்டால் அது மலிவு. பெரும்பாக்கம் அடுக்குமாடிகளில் லிஃப்ட் நின்றுபோன நாளில் இதன் அருமை தெரியும். முதியோர் உதவித்தொகை ஒரு காலத்தில் மணியார்டராக, தபால்காரர் கையால் எண்ணிக் கொடுத்த பணம் என்பதால், அவர்களுக்கு இந்த நம்பிக்கையும் பழக்கமானதுதான்.

வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இது உதவாது. கண்ணகி நகரிலிருந்தும் செம்மஞ்சேரியிலிருந்தும் விடிவதற்குள் பஸ் ஏறி அடையாறு, மயிலாப்பூர் வீடுகளுக்கு வேலைக்குப் போகிறவர் வீட்டில் இருக்கும் நேரம் தபால்காரர் வரும் நேரமல்ல. கவுன்டர் மூடும்போதுதான் அவருக்கு இரண்டாவது வீட்டு வேலை முடியும். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கை எந்த ஊர் கணினி இணைப்புள்ள தபால் ஆபீஸிலும் இயக்கலாம் என்பதால், குடியிருக்கும் இடத்தில் தொடங்கிய கணக்கில் வேலை செய்யும் இடத்துக்கு அருகே பணம் போடலாம். வேலை முடிந்து பஸ் ஏறும் வழியில் இருக்கும் தபால் ஆபீஸைத் தேர்ந்தெடுப்பதே அவருக்கு வசதி.

புகார் என்று வந்தால் வித்தியாசம் மறுபடி தலைகாட்டும். வங்கி, ஐ.பி.பி.பி. இரண்டிலும் முதலில் அவர்களிடமே எழுத்துப் புகார் கொடுத்து, 30 நாளில் சரியாகவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448. அஞ்சலகச் சேமிப்பு வங்கி ரிசர்வ் வங்கியின் கீழ் வராது. அது நிதி அமைச்சகத்தின் விதிகளில் அஞ்சல் துறை நடத்துவது. தலைமைத் தபால் ஆபீஸின் போஸ்ட்மாஸ்டர், கோட்டக் கண்காணிப்பாளர், பிறகு மத்திய அரசின் குறைதீர் தளம் என்று அந்த வழி தனி.

தபால் ஆபீஸ் வங்கி வேலை செய்ய வேண்டுமா?

அமெரிக்கா 1911-ல் தொடங்கிய அஞ்சலகச் சேமிப்பை 1966-ல் மூடிவிட்டு, வங்கி எட்டாத மக்களுக்காக அதைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று இன்றும் விவாதிக்கிறது. 2021-ல் நான்கு நகரங்களில் சோதித்தபோது, 500 டாலர் வரையிலான சம்பளக் காசோலையைப் பரிசு அட்டையாக மாற்றித் தந்தார்கள். மிகச் சிலரே வந்தார்கள். கையில் காசு வேண்டியவருக்குப் பரிசு அட்டை எதற்கு? நம்மிடம் 140 ஆண்டுக்கு மேலாக மூடாத கவுன்டர் இருக்கிறது. செய்ய வேண்டுமா என்ற கேள்விக்கு இங்கே எப்போதோ விடை கிடைத்துவிட்டது. எதைச் செய்ய வேண்டும் என்பதுதான் பாக்கி.

முகாம் போட்டுக் கணக்கு எண்ணிக்கையைக் கூட்டுவது சென்னையில் யாருக்கும் உதவாது. ஆதார் இணைப்புக் குழப்பத்தைத்தான் கூட்டும். பேமென்ட்ஸ் வங்கியைக் கடன் தரும் வங்கியாக மாற்றச் சொல்லும் குரல்களும் உண்டு. அதில் தயக்கம் தேவை. தபால்காரர் கடன் வசூலுக்கு வந்து நிற்கும் நாளில், அவர்மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும். அதைவிட எளிதாகச் செய்யக்கூடியவை மூன்று. 12 மாத ஆர்.டி. ஒன்றைக் கொண்டுவருவது. ஆர்.டி. கடனை அன்றைக்கே கவுன்டரில் தருவது, அப்படி ஒன்று இருக்கிறது என்று பாஸ்புக்கிலேயே அச்சடிப்பது. பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வுப் பகுதித் தபால் ஆபீஸ்களில் இரவு எட்டு மணி வரை ஒரு சேமிப்புக் கவுன்டரைத் திறந்து வைப்பது.